எறிமதிப்பில் பிறந்த வண்டி: ஹாட் ராட் பிக்கப்பின் அடிவயிற்று வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு வண்டி அடியில் என்ன வேலை என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தேய்மானம்! அக்கவுண்டன்சி பாடத்தில் நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இரண்டையும் போட்டுக் கை ஒடிகிறது. இரண்டு முறையிலும் கடைசியில் ஒரு எண் மிஞ்சும். அதற்குப் பெயர் எறிமதிப்பு. அந்தச் சொத்து உழைத்து ஓய்ந்த பிறகு காயலான் கடைக்காரர் தருகிற காசு. கணக்கு அதோடு முடிந்துவிடும். அந்தச் சொத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஒரு முறை அந்த 'அப்புறம்' ஒரு பெரிய கதையாகிவிட்டது. எறிமதிப்புக்குப் போன கார்களையும் பிக்கப் வண்டிகளையும் பையன்கள் வாங்கிப் பிரித்து, இருந்ததை வைத்து இன்னொரு வண்டி கட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். இந்தப் பெயர் பரவலானது 1945 வாக்கில். அதற்கு முன் 'கவ் ஜாப்' என்றும் வேறு என்னென்னவோ சொல்லியும் அழைத்தார்கள். ஹாட் ராட் என்றதும் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்தப் பதிவு எஞ்சினைப் பற்றி இல்லை. அதற்குக் கீழே இருக்கிற சேசிஸ், ஆக்ஸில், பட்டை பற்றியது. ஏனென்றால் 'பாரம்பரிய ஹாட் ராட்' என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அந்தப் பாரம்பரியத்தின் ஒவ்வொரு விதியும் ஒரு காலத்தில் வெறும் விலைப்பட்டியல்தான் என்பது என் கட்சி.

முக்காலி ஆடாது

முதலில் ஹென்றி ஃபோர்டு. 1908ல் மாடல் டி வந்தபோது அமெரிக்காவின் கிராமச் சாலைகள் சாலைகளே அல்ல. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் மாட்டுவண்டித் தடம். அந்தத் தடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் மேட்டிலும் ஏறும். நாலு மூலையிலும் இறுக்கிப் பிடித்த சேசிஸ் அங்கே முறுக்கிக்கொண்டு விரிசல் விடும்.

ஃபோர்டு அதற்குக் கண்ட வழி மலிவானது, புத்திசாலித்தனமானது. நம் ஊர் லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்கள். பட்டைகள் வண்டியின் நீளவாக்கில், சக்கரத்துக்கு ஒரு கட்டு என்று இருக்கும். ஃபோர்டு முன்னால் ஒரே ஒரு கட்டு, பின்னால் ஒரே ஒரு கட்டு போட்டார். அதையும் குறுக்குவாக்கில். பட்டையின் நடு, சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இறுகியிருக்கும். இரு முனைகளும் ஷேக்கிள் வழியாக ஆக்ஸிலில் தொங்கும். நாலு கட்டு வாங்க வேண்டிய இடத்தில் இரண்டோடு வேலை முடிந்தது.

ஆனால் குறுக்குப் பட்டை ஆக்ஸிலை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ளாது. அதற்காக ஆக்ஸிலின் இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு கம்பிகள் கிளம்பி, பின்னோக்கி வந்து, எஞ்சினுக்கு அடியில் ஒரே இடத்தில் சேரும். சேருமிடத்தில் ஒரு உருண்டை, கிண்ணத்துக்குள் உட்கார்ந்து எந்தப் பக்கமும் திரும்பும். இந்தக் கவட்டைக் கம்பி கோழியின் நெஞ்செலும்பு மாதிரி இருப்பதால் 'விஷ்போன்' என்று பெயர். பின்னாலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடும், அந்தக் குழாயே ஆக்ஸிலை நிறுத்திவைக்கும், அதன் முன்முனையிலும் ஒரு உருண்டை.

ஆக, முன் ஆக்ஸில் வண்டியைத் தொடுவது பட்டையின் நடு, விஷ்போன் உருண்டை என்று நடுக்கோட்டில் இருக்கிற புள்ளிகளில்தான். அதனால் ஆக்ஸில் இடதோ வலதோ எவ்வளவு சாய்ந்தாலும் சேசிஸுக்கு முறுக்கு போகாது. மேடு பள்ளமான தரையில் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும் இல்லையா? அந்தத் தத்துவம்தான். இந்த முக்காலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பையன்கள் இதைத்தான் ரம்பத்தால் அறுக்கப் போகிறார்கள்.

1908ல் 850 டாலராக இருந்த டி, 1920களின் நடுவில் 260 டாலருக்கு இறங்கியது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள். 1925 ஏப்ரலில் அதே டி-யின் பின்பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியை மாட்டி 281 டாலருக்கு விற்றார்கள். ஃபோர்டு தொழிற்சாலையிலேயே செய்து வந்த முதல் பிக்கப் அதுதான். அதுவரை விவசாயிகள் காரை வாங்கி, பின்பக்கத்தை அறுத்து, மரப்பெட்டியைத் தாங்களே பொருத்திக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் செய்வதைப் பார்த்து அதையே பொருளாக்கி விற்பது, மார்க்கெட்டிங் வகுப்புக்கு நல்ல உதாரணம் :-)

அடுத்தது மாடல் ஏ, 1928 முதல் 1931 வரை. நாலு சிலிண்டர், 40 குதிரைத்திறன், சக்கர இடைவெளி 103.5 அங்குலம். கிட்டத்தட்ட 48 லட்சம் வண்டிகள். அதிலும் பிக்கப் உண்டு; கார், பிக்கப் இரண்டுக்கும் ஒரே அடிப்படைச் சேசிஸ். அப்புறம் 1932. சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலையில் வி8 எஞ்சின், 65 குதிரைத்திறன், ரோட்ஸ்டர் விலை 460 டாலர். இடைவெளி 106 அங்குலம் ஆனது. இத்தனை மாறியும் குறுக்குப் பட்டையும் விஷ்போனும் மட்டும் மாறவில்லை. மற்ற கம்பெனிகள் 1930களில் முன்சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் என்று போய்விட்டார்கள். ஹென்றி ஃபோர்டு நகரவே இல்லை. 1947ல் அவர் இறந்த பிறகுதான், 1949 மாடலில் ஃபோர்டு கார் குறுக்குப் பட்டையைக் கைவிட்டது. அதாவது நாற்பது வருஷம் ஒரே யோசனை.

எஞ்சினியர்கள் இதை முதியவரின் பிடிவாதம் என்பார்கள். சரிதான். ஆனால் காயலான் கடைப் பக்கம் நின்று பாருங்கள். நாற்பது வருஷ உதிரி பாகங்கள், கோடிக்கணக்கில், ஒன்றோடொன்று ஏறக்குறைய பொருந்துகிறவை! 1940 மாடலின் சாமானை 1929 சேசிஸில் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினால் மாட்டிவிடலாம். வேறு எந்தக் கம்பெனியின் குப்பையிலும் இந்த வசதி இவ்வளவு இல்லை. ஹாட் ராட் ஏன் பெரும்பாலும் ஃபோர்டாகவே இருந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் கிடையாது.

வறண்ட ஏரி

கதை நடந்த இடம் தெற்கு கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, மலை தாண்டி, மொஹாவே பாலைவனத்தில் முரோக், ரோசமண்ட், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள். தண்ணீர் வற்றிக் களிமண் இறுகி, மைல் கணக்கில் சிமெண்ட் தரை மாதிரி சமம். பொருளாதார மந்தக் காலத்தில் பழைய டி-யும் ஏ-யும் சல்லிசாகக் கிடைத்தன. பையன்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு போய் அங்கே முழு வேகம் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் பல வண்டிகள் புழுதிக்குள் ஓடியதில் விபத்துகளும் நடந்தன. 1937ல் பல கிளப்புகள் சேர்ந்து தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கத்தை ஆரம்பித்தன. 1938ல் முதல் பந்தயம். வரிசை, நேரக் கணக்கு, வண்டிச் சோதனை எல்லாம் வந்தது. 1941ல் விக் எடல்ப்ராக் தன் 1932 ரோட்ஸ்டரை ரோசமண்டில் மணிக்கு 121 மைலுக்கு மேல் ஓட்டினார். அது அவர் தினமும் ஊருக்குள் ஓட்டிய வண்டியும்தான்.

போர் முடிந்தது. முரோக் ராணுவ விமானத்தளமாகிவிட்டது, ஆகவே கூட்டம் எல் மிராஜ் பக்கம் நகர்ந்தது. ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் வெல்டிங், லேத், எஞ்சின் வேலை கற்றுக்கொண்டு வந்தார்கள், கையில் கொஞ்சம் காசும் இருந்தது. ஹாட் ராட்டின் பொற்காலம் என்கிறார்களே, அது அப்போது தொடங்கியதுதான்.

எப்படிக் கட்டினார்கள்

இப்போது ஒரு மாடல் ஏ பிக்கப் நம்மிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷம் 1948. மளிகைக்கடைச் சாமானோ கோழிக்கூண்டோ ஏற்றி இருபது வருஷம் உழைத்த வண்டி. பெட்டியைக் கழற்று, கேபினைக் கழற்று, மட்கார்டுகளைக் கழற்று. மிஞ்சுவது இரண்டு நீள ரெயில்களும் அவற்றை இணைக்கிற குறுக்குச் சட்டங்களும்.

ஏ-யின் ரெயில் திறந்த வாய் உடையது. தகரத்தை 'ப' மாதிரி மடித்து, பக்கவாட்டில் படுக்கவைத்த வடிவம். அது வளைந்து கொடுக்கும். 40 குதிரைத்திறனுக்கு அது போதும். சேற்றுச் சாலையில் அந்த நெகிழ்வு நல்லதும்கூட. போருக்குப் பிந்தைய ஃபோர்டு வி8 எஞ்சின் 100 குதிரைத்திறன். அதை இதில் உட்கார வைத்தால் ரெயில் முறுக்கும். ஆகவே திறந்த வாயை இரும்புத் தகட்டால் மூடிப் பற்றவைத்துப் பெட்டியாக்க வேண்டும். இதை 'பாக்ஸிங்' என்பார்கள். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் ரெயிலே வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அங்கே என்று விட்டுவிட்டு வைக்க வேண்டும்.

காசு இருந்தவர்கள் ஏ ரெயிலைத் தூக்கிப் போட்டுவிட்டு 1932 சேசிஸைத் தேடினார்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அதன் ரெயில் ஆழமானது, கெட்டியானது. இரண்டாவது, அழகு. ஏ-யில் ரெயிலின் பக்கம் ஒரு மறைப்புத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். 1932ல் அந்த மறைப்பை எடுத்துவிட்டு, ரெயிலின் பக்கத்திலேயே ஒரு கோடு அச்சுக் குத்தி வெளியே தெரியும்படி விட்டார்கள். மட்கார்டைக் கழற்றினாலும் வண்டி அம்மணமாகத் தெரியாது. மாடல் ஏ உடலைக் கொஞ்சம் வெட்டிச் சேர்த்தால் இந்தச் சேசிஸில் உட்கார வைத்துவிடலாம்.

அடுத்த வேலை தாழ்த்துவது. இதைச் சிலர் வெறும் பந்தா என்று நினைக்கிறார்கள். பந்தாவும் உண்டுதான். ஆனால் உயரமான வண்டி வேகத்தில் திரும்பும்போது சாயும், காற்றும் அதிகமாக இடிக்கும். தாழ்த்துவதற்குப் பல வழிகள் இருந்தன, அவற்றின் விலையும் வேறு வேறு. காசே இல்லாதவன் பட்டைக் கட்டிலிருந்து சில பட்டைகளை உருவினான். பிக்கப்புக்கு இது ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் பின்பட்டை சுமைக்காகக் கட்டியது. சுமை இல்லாமல் ஓட்டினால் பின்பக்கம் தவளை மாதிரி குதிக்கும், சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். இரண்டு மூன்று பட்டைகளை எடுத்தால் இறங்கவும் செய்யும், குதிப்பதும் குறையும். இன்னொரு உபாயம், முதன்மைப் பட்டையின் முனையில் இருக்கிற வளையத்தைத் தலைகீழாகச் சுருட்டுவது. அதற்குக் கொல்லர் கூலி மட்டும்தான். 1932 சேசிஸ் வைத்திருந்தவர்கள் அதன் முன் குறுக்குச் சட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு மாடல் ஏ-யின் குறுக்குச் சட்டத்தைப் பற்றவைத்தார்கள். அது தட்டையானது, அதிலேயே சுமார் ஒரு அங்குலம் லாபம்.

பெரிய வேலை என்றால் ஆக்ஸிலைத் தாழ்த்துவது. ஃபோர்டின் முன் ஆக்ஸில் அடித்து வார்த்த எஃகு, ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி வெட்டுமுகம். அதன் இரு முனைகளையும் உலையில் பழுக்கக் காய்ச்சி இழுத்தால், சக்கரம் இருக்கிற இடத்திலேயே இருக்க ஆக்ஸிலின் நடுப்பகுதி இரண்டரை, மூன்று அங்குலம் கீழே போகும். சான் டியேகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் இதையே தொழிலாகச் செய்தார். அவர் பெயரோடு 'ஆக்ஸில்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. இழுத்த இடத்தில் இரும்பு மெலியும். எவ்வளவு சூடு, எவ்வளவு இழுப்பு என்று கைக்குத் தெரிந்தவன் செய்ய வேண்டிய வேலை. ஆக்ஸில் இறங்கினால் ஸ்டீயரிங் கம்பி விஷ்போனில் இடிக்கும், ஆகவே ஸ்டீயரிங் கைகளையும் காய்ச்சி வளைக்க வேண்டும். இந்த வேலையில் எதையும் தனியாக மாற்றவே முடியாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நிற்கும்.

பின்பக்கம்? மாடல் ஏ-யில் பின்பட்டை ஆக்ஸிலின் தலைமேல் உட்காரும், அதனால் வண்டி உயரம். 1932 முதல் பட்டையை ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அந்தப் பின் ஆக்ஸிலைக் கொண்டுவந்து போட்டால் இறங்கும். அதுவும் போதாதவர்கள் ரெயிலையே கேபினுக்குப் பின்னால் அறுத்து, பின்துண்டை நாலைந்து அங்குலம் மேலே தூக்கி மறுபடி பற்றவைத்தார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆங்கில 'இசட்' மாதிரி தெரியும். பிக்கப்பில் இதற்கு ஒரு தண்டனை உண்டு: ரெயில் மேலே வந்தால் பெட்டியின் தரையும் மேலே வந்தாக வேண்டும். பெட்டிக்குள் ஆழம் போய்விடும். வெளியே பார்த்தால் பிக்கப், உள்ளே பார்த்தால் தாம்பாளத் தட்டு.

முக்காலி நாற்காலியானது

இப்போதுதான் அந்த ரம்பம். ஏ-யில் நாலு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கிவிட்டு வி8 போடும்போது, விஷ்போனின் உருண்டை உட்கார வேண்டிய இடம் மாறிவிடுகிறது. பல வண்டிகளில் எண்ணெய்த் தொட்டியோ புகைக்குழாயோ குறுக்கே நிற்கும். தீர்வு எளிது. கவட்டையை நடுவில் அறுத்து, இரண்டு தனிக் கம்பிகளாக்கி, ஒவ்வொன்றின் முனையையும் அந்தந்தப் பக்க ரெயிலில் மாட்டிவிடுவது. லாரி ஸ்டீயரிங் கம்பியின் முனை ஒன்றைக் கடைசியில் திருகினால் போதும். செலவு கொஞ்சம்தான். கீழே நிறைய இடமும் கிடைத்தது.

ஆனால் நாற்பது வருஷம் ஹென்றி ஃபோர்டு கட்டிக்காத்த முக்காலி அந்த நிமிஷமே போய்விட்டது. இப்போது இடது சக்கரம் மேட்டில் ஏறினால், இடது கம்பி ஒரு வட்டத்தில் மேலே போகிறது, வலது கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஆக்ஸிலோடு இறுக்கிப் பூட்டியவை. ஆகவே ஆக்ஸிலே முறுக்க வேண்டும், வேறு வழியில்லை. 'ஐ' வடிவ ஆக்ஸில் இந்த முறுக்கைத் தாங்கிக்கொள்ளும். துணி பிழிகிற மாதிரி கொஞ்சம் திருகி, மறுபடி பழைய நிலைக்கு வரும். குழாய் வடிவ ஆக்ஸில் அப்படித் திருகாது. அதன் பலமே திருகாமல் இருப்பதுதான். அப்போது அந்த விசை கம்பியின் முனைக்கும், ரெயிலில் பற்றவைத்த பிடிக்கும் போகும். அங்கே விரிசல் விடும். அந்தக் காலத்தில் பலர் குழாய் ஆக்ஸிலை இப்படித்தான் போட்டு ஓட்டினார்கள். சக்கரம் மேலே கீழே போகிற தூரம் குறைவு, ஏரித்தரையோ சமம். அதனால் பிழைத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. கம்பியின் பின்முனையை எந்த உயரத்தில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து ஆக்ஸில் எவ்வளவு பின்னோக்கிச் சாய்கிறது என்பது மாறும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் நேராகப் போகிறது, இதுவும் அப்படித்தான். இந்த மாதிரி வண்டிக்கு ஐந்து முதல் ஏழு டிகிரி சாய்வு வைப்பது வழக்கம். கண்ணளவில் மாட்டிவிட்டுப் போனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் திடீரென்று இடமும் வலமும் உதற ஆரம்பிக்கும். பிரேக் போட்டு நிறுத்தும்வரை நிற்காது. அதைப் பார்த்தவர்கள் 'சாவு நடுக்கம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சரியான பெயர்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. ஃபோர்டு 1938 வரை கம்பியாலும் கேபிளாலும் இழுக்கிற பிரேக்தான். பாதத்திலிருந்து சக்கரம் வரை எஃகு, அதுவே பத்திரம் என்று விளம்பரமும் செய்தார்கள். 1939ல்தான் ஹைட்ராலிக்குக்கு இறங்கி வந்தார்கள். ஆகவே 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டுகளின் பிரேக் செட் காயலான் கடையில் முதலில் விற்றுப்போகிற சாமானாக இருந்தது. சின்ன மாற்றங்களோடு பழைய ஆக்ஸிலில் அது ஏறிவிடும். 100 குதிரைத்திறன் வண்டியைக் கம்பி பிரேக்கில் ஓட்டியவர்களை நினைத்தால் எனக்கு இங்கே உட்கார்ந்திருக்கும்போதே கால் கூசுகிறது.

பிற்பாடு 1948ல் வந்த எஃப்-1 பிக்கப்பிலிருந்து ஸ்டீயரிங் பாக்ஸும், ஷாக் அப்சார்பரை மாட்டுகிற தாங்கிகளும் வந்து சேர்ந்தன. இரண்டும் இன்றுவரை பாரம்பரியச் சாமான் பட்டியலில் இருக்கின்றன. ஏன் அதுவே என்று கேட்டால் ஸ்டைல் என்பார்கள். ஒரு கட்டத்தில் அது கடையில் குவிந்து கிடந்தது, அவ்வளவுதான்.

உயிர்க்கணக்கு

ஏரியில் ஓட்டியது ஒரு பகுதிதான். வாரநாட்களில் தெருவில் ஓட்டினார்கள், தெருவில் பந்தயம் விட்டார்கள். செத்தார்கள், மற்றவர்களையும் கொன்றார்கள். போருக்குப் பின் பத்திரிகைகள் ஹாட் ராட் என்ற சொல்லையே ரவுடி என்கிற அர்த்தத்தில் எழுதின. இந்த வண்டிகளையே தடை செய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது. இதில் பத்திரிகைகள் மிகைப்படுத்தின என்று ஹாட் ராட் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. அரைகுறையாகப் பற்றவைத்த விஷ்போன் பிடியோடு, மட்கார்டு இல்லாத ஒரு வண்டி என் தெருவில் 90 மைலில் போனால் நானும் மனுதான் கொடுப்பேன்.

சங்கம் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆயுதக்கிடங்கு மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்து, வேலையைப் பொதுமக்கள் பார்க்கட்டும் என்று வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கட்டியது கௌரவமாக இருக்கிறதா, வந்து குனிந்து பாருங்கள் என்கிற தோரணை. அதே மாதம் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' பத்திரிகையின் முதல் இதழை 25 சென்ட்டுக்கு விற்றார். 1951ல் வாலி பார்க்ஸ் தலைமையில் தேசிய ஹாட் ராட் சங்கம் வந்தது, தெருப் பந்தயத்தை ஒழுங்கான கால்மைல் தடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. வண்டிச் சோதனை இல்லாமல் ஓட விடுவதில்லை. அந்தச் சோதனைகளால்தான் வெல்டிங் தரம், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவை எழுதப்பட்ட விதிகளாயின என்று நினைக்கிறேன். சட்டத்துக்குப் பயந்து தாங்களே விதி போட்டுக்கொண்ட தொழில்கள் வரலாற்றில் நிறைய. இது அதில் நன்றாக முடிந்த ஒன்று.

பிக்கப் ரசிகர்களுக்கு ஒரு பெயர் கட்டாயம் சொல்ல வேண்டும்: நார்ம் கிரபோவ்ஸ்கி. 1950களின் தொடக்கத்தில் இவர் 1922 மாடல் டி-யின் முன்பாதியை மாடல் ஏ சேசிஸில் உட்கார வைத்து, பின்னால் மாடல் ஏ பிக்கப்பின் பெட்டியை வெட்டிக் குட்டையாக்கி மாட்டினார். முன்னால் 1952 காடிலாக் எஞ்சின். 1957ல் லைஃப் பத்திரிகை அட்டையில் வந்தது, 1958ல் '77 சன்செட் ஸ்டிரிப்' தொலைக்காட்சித் தொடரில் கூக்கி என்ற பாத்திரத்தின் வண்டியாக ஓடியது. அதைப் பார்த்து அமெரிக்கா முழுக்க நகல்கள் முளைத்தன. அந்த நகல்களில் பலவற்றில் முன்பட்டையும் ஆக்ஸிலும் ரெயிலின் முனைக்கு வெளியே, முன்னால் நீட்டிய ஒரு பிடியில் தொங்கும். வண்டி ரொம்பத் தாழ்வாகும். அந்தப் பிடி உடைந்தால் ரெயிலின் மூக்கு நேராகத் தார்ச்சாலையில் குத்தும். அந்த அமைப்புக்கு அவர்களே வைத்த பெயர் 'தற்கொலை முன்பக்கம்'.

விலை திரும்பியது

1949 மாடல் ஃபோர்டோடு பழைய சாமான் வரத்து நின்றது. 1955ல் ஷெவர்லேயின் சின்ன வி8 வந்ததும் எஞ்சின் பக்கம் ஃபோர்டின் ஆதிக்கமும் போயிற்று. 1970களில் 'ஸ்டிரீட் ராட்' என்று சொகுசான வகை ஒன்று வந்தது. மஸ்டாங் 2 காரின் தனித்தனி முன் சஸ்பென்ஷனைப் பழைய சேசிஸில் போட்டார்கள். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அது நன்றாகவே ஓடும். விஷ்போனை அறுத்த வண்டியைவிடச் சுகமாக ஓடும். 1990களில் அதற்கு எதிர்வினையாகத்தான் 'பாரம்பரியம்' என்ற சொல் கொடியாக ஏறியது: குறுக்குப் பட்டை, தாழ்த்திய 'ஐ' ஆக்ஸில், அறுத்த விஷ்போன், 1948க்கு முந்தைய பிரேக், இவை இல்லாவிட்டால் ஹாட் ராட் இல்லை.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை சிரிக்கிறது. அசல் 1932 சேசிஸ் இன்றைக்கு ஆயிரக்கணக்கான டாலர். அது கிடைக்காதவர்களுக்குப் புது ரெயில்களை அச்சடித்து விற்கிறார்கள், தாழ்த்திய ஆக்ஸிலும் தாழ்த்தியபடியே புதிதாக வருகிறது. ஒஹையோவின் புரூக்வில் ஊரில் ஒரு நிறுவனம் மாடல் ஏ பிக்கப் உடலையே புதுத் தகரத்தில் செய்து தருகிறது. எறிமதிப்பில் இருந்தது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சாமான்களை இப்போது முழு விலை கொடுத்து, புத்தம் புதிதாக, பழையது மாதிரி வாங்குகிறார்கள். எந்தத் தேய்மான அட்டவணையிலும் இப்படி ஒரு வரி கிடையாது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. புதிய எஃகு, விரிசல் இல்லாத ஆக்ஸில். உயிருக்கு அதுதான் நல்லது. ஆனால் 1948ல் அந்தப் பையன் செய்ததை இன்று அப்படியே செய்ய நினைக்கிறவன், அவன் வாங்கிய சாமானை வாங்குவதைவிட, இன்றைய காயலான் கடையில் எது குவிந்து கிடக்கிறது என்று பார்ப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொன்னால் பாரம்பரியக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

நம் 1948 பிக்கப்பைப் பாதியில் விட்டுவிட்டோம். எல்லாம் மாட்டியாயிற்று, பெட்ரோல் தொட்டிதான் பாக்கி. மாடல் ஏ-யில் தொட்டி எங்கே தெரியுமா? டேஷ்போர்டுக்குள், சரியாக ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே! பம்ப்பே தேவையில்லை, பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகும். சூடான வி8 முன்னால் இருக்கும்போது அத்தனை பெட்ரோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது என்று நினைத்தவர்கள் அதைக் கழற்றிப் பின்னால் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். கூடவே பேட்டரியையும். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கனம் கிடைத்தது, துள்ளலும் குறைந்தது. இருபது வருஷம் மூட்டை சுமந்த அந்தப் பெட்டி, அதன் பிறகு சுமந்த ஒரே சரக்கு அதுதான்.